கண்ட்ரோல்+எம் யாருக்கு? ஷார்ட்கட்டை மாற்றுவது பற்றி

பொள்ளாச்சித் தம்பி ஒருவர் கேட்டது, 10 ஆகஸ்ட் 2025

"அண்ணா, லிப்ரே ஆபீஸ், கோரல் எல்லாத்துலயும் ஷார்ட்கட்டை நம்ம கைக்குத் தகுந்த மாதிரி மாத்திக்கலாம்னு போன வாரம் சொன்னீங்க. எனக்கு அதுல உடன்பாடு இல்லைங்ணா. மாத்திப் பழகிட்டா நாளைக்கு வேற கடையில போய் உக்காந்தா வேலை ஓடாது. சாஃப்ட்வேர் எப்படி வந்துச்சோ அப்படியே கத்துக்கறதுதான் சரி. நீங்க என்ன சொல்றீங்க?"

10 ஆகஸ்ட், இரவு

மாற்றத்தான் வேண்டும் என்கிறேன். ஏன் என்றால் நான் காசு கொடுத்துக் கற்றது அது. (புதிதாக வருகிறவர்களுக்கு: ஷார்ட்கட் என்பது மௌஸைத் தொடாமல் ஒரு கட்டளையைக் கூப்பிடும் விசைச் சேர்க்கை. லிப்ரே ஆபீஸ் இலவசமாகக் கிடைக்கும் அலுவலக மென்பொருள், கோரல் வரைவதற்கானது.)

கணினியில் வடிவமைத்து அச்சடித்துக் கொடுக்கும் எங்கள் டிடிபி கடை, கேரள எல்லைக்குள் கொழிஞ்சாம்பாறையில் இருக்கிறது. ஒரு பக்கம் கோபாலபுரம் செக்போஸ்ட், தாண்டினால் பொள்ளாச்சி. மறு பக்கம் சித்தூர், பாலக்காடு. கல்யாணப் பத்திரிகை அடிக்க வருகிறவர்களில் பாதிப் பேர் தமிழ், பாதிப் பேர் மலையாளம். பெண் வீடு இந்தப் பக்கம், மாப்பிள்ளை வீடு அந்தப் பக்கம் என்றால் ஒரே அட்டையில் இரண்டும் வரும். கடையில் மூன்று மெஷின். ஒன்றில் நான், ஒன்றில் வேலைக்கு வரும் பாப்பா, மூன்றாவதில் அண்ணன் ஒருவர். அண்ணன் பேஜ்மேக்கர் என்ற பழைய பக்க வடிவமைப்பு மென்பொருளிலேயே கை பழகியவர். பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பு 7.0 வந்தது 2001இல். அதற்கு மேல் அது வளரவில்லை, ஆனால் அண்ணனுடைய விரல் இன்னும் அங்கேதான் இருக்கிறது.

பேஜ்மேக்கரில் கண்ட்ரோல்+எம் அழுத்தினால் பத்தி அமைப்புப் பெட்டி திறக்கும். லிப்ரே ஆபீஸின் எழுதும் நிரலான ரைட்டரில் அதே கண்ட்ரோல்+எம் நாம் கையால் போட்ட வடிவம் அத்தனையும் உதிர்த்துவிடும். எழுத்துரு, அளவு, தடிமன் எல்லாம் போய் வெறும் எழுத்து நிற்கும். முழுப் பத்திரிகையையும் செலக்ட் செய்து அழுத்தினால் உடனே கண்ணில் படும், கண்ட்ரோல்+இசட் போட்டுத் திரும்பலாம். ஒரு நாளைக்கு நாலு தடவை அப்படித்தான் நடந்துகொண்டிருந்தது. ஒருநாள் ஒரே ஒரு வரி செலக்ட் ஆகியிருந்தது. அண்ணனின் கண் கையெழுத்துப் பிரதியில், விரல் கண்ட்ரோல்+எம்மில். பெட்டி திறக்கவில்லை என்று மறுபடி அழுத்திவிட்டு மௌஸால் வேறு வேலைக்குப் போய்விட்டார். மணமகள் பெயர் மட்டும் மெலிந்து சிறுத்துவிட்டது. ப்ரூஃப் பார்த்த பெண்ணின் அப்பாவும் தேதியையும் மண்டபத்தையும்தான் சரிபார்த்தார். 400 பத்திரிகை அடித்த பிறகு அந்தப் பெண்ணே வந்து அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு ஒன்றும் சொல்லாமல் நின்றாள். அத்தனையும் என் செலவில் திரும்ப அடித்தேன்.

அன்று ராத்திரியே அந்த மெஷினில் கண்ட்ரோல்+எம்மைப் பத்திப் பெட்டிக்கு மாற்றினேன். அதற்குப் பிறகு அந்தத் தவறு நடக்கவில்லை. இருபது வருடப் பழக்கத்தை ஒருவரின் விரலிலிருந்து பிடுங்குவதைவிட மெஷினில் ஒரு வரியை மாற்றுவது எளிது, தம்பி.

11 ஆகஸ்ட், காலை

எப்படி மாற்றுவது என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள்.

லிப்ரே ஆபீஸில் டூல்ஸ் மெனு, அதில் கஸ்டமைஸ், அதில் கீபோர்டு என்ற தாவல் (டேப்). மேலே எல்லா விசைச் சேர்க்கைகளும் வரிசையாக இருக்கும். கீழே வகை, அதற்குள் கட்டளை. மேலே விசையைத் தேர்ந்து, கீழே கட்டளையைத் தேர்ந்து, அசைன் கொடுக்க வேண்டும். அவ்வளவுதான்.

பலரும் கவனிக்காமல் விடுவது வலது மேல் மூலையில் இருக்கும் இரண்டு வட்டப் பொத்தான்களை. ஒன்றில் லிப்ரே ஆபீஸ் என்றிருக்கும், மற்றதில் ரைட்டர் என்றிருக்கும். முதலாவது எல்லா நிரல்களுக்கும் பொது. இரண்டாவது ரைட்டருக்கு மட்டும். ஒரே விசை இரண்டிலும் இருந்தால் ரைட்டரில் ரைட்டருடையதுதான் ஜெயிக்கும். பொதுவில் மாற்றிவிட்டு "வேலை செய்யலையே" என்று வருகிறவர்களுக்கு அநேகமாக இதுதான் காரணம். நானும் முதல் நாள் அரை மணி நேரம் அதில்தான் நின்றேன்.

11 ஆகஸ்ட், மதியம்

மேலே எழுதியதில் விட்டுப்போனது: மங்கலாகத் தெரியும் விசைகளை மாற்ற முடியாது. எஃப்1, எஃப்6 அப்படி.

13 ஆகஸ்ட்

வேர்டில் முடியுமா என்று ஒரு அக்கா கேட்டிருக்கிறார். முடியும். ஃபைல், ஆப்ஷன்ஸ், கஸ்டமைஸ் ரிப்பன், அந்தப் பக்கத்தின் அடியில் கீபோர்டு ஷார்ட்கட்ஸ் பக்கத்தில் கஸ்டமைஸ் பொத்தான். இன்னும் சுருக்கமான வழி ஒன்று உண்டு. கண்ட்ரோலும் ஆல்ட்டும் பிடித்துக்கொண்டு நம்பர் பகுதியில் இருக்கும் கூட்டல் விசையை அழுத்தினால் மௌஸ் அம்பு நாலு இதழ்ப் பூப்போல மாறும். அந்தப் பூவை எந்தப் பொத்தான் மேல் வைத்துச் சொடுக்குகிறோமோ அதற்கான ஷார்ட்கட் பெட்டி நேராகத் திறக்கும். எனக்கு இது மிகவும் பிடித்த ஏற்பாடு. கட்டளையின் பெயரை ஆயிரம் வரிப் பட்டியலில் தேடவே வேண்டாம்.

எக்செல்லில் இப்படி ஒரு பெட்டி கிடையாது. மேலே இருக்கும் குவிக் ஆக்சஸ் பட்டையில் வேண்டியதைப் போட்டு ஆல்ட்+1, ஆல்ட்+2 என்று கூப்பிட வேண்டியதுதான்.

வேர்டில் நான் பட்ட அடி ஒன்று. ஒரு கோயில் கமிட்டியின் வரவு செலவு அறிக்கை, நாலு அடுக்குத் தலைப்பு. வேர்டில் கண்ட்ரோல்+ஆல்ட்+1, 2, 3 மூன்றும் முதல் மூன்று தலைப்புகளுக்கு ஏற்கனவே இருக்கின்றன. சரி, நாலாவதுக்கு 4 என்று நான் போட்டேன். பெட்டியும் "இது யாருக்கும் ஒதுக்கப்படவில்லை" என்றுதான் காட்டியது. மறுவாரம் பாப்பா கணக்கு அடிக்கும்போது ரூபாய்க் குறி அடித்த இடமெல்லாம் வரி தலைப்பாக மாறுகிறது, குறி மட்டும் விழவில்லை. இந்திய ஆங்கில விசைப்பலகையில் ₹ அடிப்பதே கண்ட்ரோல்+ஆல்ட்+4தான். அந்தக் குறியை அரசு ஏற்றது 2010 ஜூலையில். இத்தனை வருடமாகத் தினமும் அடிக்கிற குறியை நானே பூட்டி வைத்துவிட்டேன்.

எனவே கண்ட்ரோல்+ஆல்ட்+4 மட்டும் தொடாதீர்கள்.

14 ஆகஸ்ட்

நேற்றைய கடைசி வரி பாதிதான் சரி. 4 மட்டும் அல்ல. விண்டோஸில் வலது பக்க ஆல்ட் விசையில் எழுத்துகள் வைத்திருக்கும் விசைப்பலகைகளுக்கு, வலது ஆல்ட் என்பதும் கண்ட்ரோல்+ஆல்ட் என்பதும் ஒன்று. அந்த எழுத்தைக் கொடுப்பது விண்டோஸ், வேர்டு அல்ல. அதனால்தான் வேர்டின் பெட்டி "யாருக்கும் ஒதுக்கப்படவில்லை" என்று சொன்னது. அது பொய் சொல்லவில்லை, அதற்குத் தெரியாது. கண்ட்ரோல்+ஆல்ட்டோடு எந்த விசையை வைப்பதற்கும் முன் ஒரு காலி ஃபைலில் அதை அடித்துப் பாருங்கள். தமிழ் விசைப்பலகையில் ஒருமுறை, மலையாளத்தில் ஒருமுறை, ஆங்கிலத்தில் ஒருமுறை. ஏதாவது எழுத்து விழுந்தால் அந்த விசையை விட்டுவிடுங்கள்.

நம்மைப்போல மூன்று மொழியில் அடிக்கிறவர்களுக்குத்தான் இந்தத் தொல்லை. ஷார்ட்கட் பற்றி ஆங்கிலத்தில் எழுதுகிறவர்கள் இதைச் சொல்வதே இல்லை.

17 ஆகஸ்ட், ஞாயிறு

இன்று ஆவணி ஒன்று, இந்தப் பக்கம் மலையாள மாதம் சிங்கம் ஒன்று. ஆடியில் ஈ ஓட்டிய கடையில் இனி நிற்க நேரம் இருக்காது. அதற்குள் இரண்டு மொழி விஷயத்தை எழுதிவிடுகிறேன். ஷார்ட்கட் மாற்றுவதால் எனக்குக் கிடைத்த பெரிய லாபம் இதுதான்.

பழைய எழுத்துருக் காலத்தில் தமிழுக்குப் பாமினி, மலையாளத்துக்கு எம்எல்-டிடி கார்த்திகா என்று எழுத்துருவை மாற்றினால் போதும், மொழி மாறிவிடும். கணினிக்கு எல்லாமே ஆங்கில எழுத்துதான். ஒவ்வொரு மொழியின் எழுத்துக்கும் தனி எண் தரும் யூனிகோடுக்கு வந்த பிறகு சிக்கல் வேறு மாதிரி. லிப்ரே ஆபீஸில் எழுத்துருவுக்கு மூன்று அறைகள் உண்டு: மேற்கத்திய எழுத்து, ஆசிய எழுத்து, அப்புறம் சி.டி.எல் என்கிற சிக்கல் எழுத்து. தமிழும் மலையாளமும் ஒரே சி.டி.எல் அறையில் இருக்கின்றன. அந்த அறைக்கு ஒரு எழுத்துருதான் கொடுக்க முடியும். மஞ்சரி என்ற மலையாள எழுத்துருவைக் கொடுத்தால் மலையாளம் அழகாக வரும், ஆனால் மஞ்சரியில் தமிழ் எழுத்து இல்லாததால் கணினி ஏதோ ஒரு தமிழ் எழுத்துருவை இழுத்துவந்து ஒட்டும். மீரா இனிமை கொடுத்தால் தமிழ் சரி, மலையாளம் எதிலோ விழும். (மீரா இனிமை தமிழ் எழுத்துரு, ஆனால் வெளியிட்டது சுதந்திர மலையாளம் கம்ப்யூட்டிங் குழு. மலையாளத்துக்காக உழைக்கிற கூட்டம் தமிழுக்கும் ஒன்று செய்து கொடுத்ததை இந்தப் பக்கத்துக்காரனாக நான் நன்றியோடு நினைக்கிறேன்.)

நான் செய்தது: எழுத்துப் பாணி, அதாவது எழுத்துரு, அளவு, மொழியை ஒரே பெயரில் சேர்த்து வைக்கும் ஏற்பாடு, இரண்டு உருவாக்கினேன். ஒன்றின் பெயர் "தமிழ்", அதில் தமிழ் எழுத்துருவும் தமிழ் மொழியும். மற்றது "மலையாளம்", அதில் மஞ்சரியும் மலையாள மொழியும். பிறகு கீபோர்டு தாவலில் வகைப் பட்டியலின் அடியில் ஸ்டைல்ஸ் என்று இருக்கும். அதைத் திறந்து கண்ட்ரோல்+8 தமிழுக்கு, கண்ட்ரோல்+9 மலையாளத்துக்கு. இப்போது வரியைச் செலக்ட் செய்து ஒரு விசை அடித்தால் எழுத்துரு, அளவு, மொழி மூன்றும் ஒன்றாக மாறுகின்றன. மொழி சரியாக இருப்பதால் எழுத்துப்பிழை திருத்தியும் மலையாளச் சொல்லைத் தமிழ்ப்பிழை என்று சிவப்புக் கோடு போடுவதில்லை. முன்பு எழுத்துருப் பெட்டிக்குப் போய், தேடி, அளவு மாற்றி, திரும்ப வருவேன். ஒரு பத்திரிகைக்குக் குறைந்தது முப்பது தடவை.

அந்தப் பாணி இருக்கும் ஃபைலில்தான் விசை வேலை செய்யும். அதனால் பாணிகளை டெம்ப்ளேட் என்கிற மாதிரி ஃபைலில் வைத்து, புதுப் பத்திரிகை எதையும் அந்த டெம்ப்ளேட்டிலிருந்தே தொடங்குங்கள்.

இப்படிப் பாணியில் வேலை செய்தால் கண்ட்ரோல்+எம் தெரியாமல் பட்டாலும் ஒன்றும் ஆகாது. கையால் போட்டதைத்தான் அது உதிர்க்கும்.

17 ஆகஸ்ட், இரவு

மேலே கடைசிப் பத்தி தவறு. இப்போதுதான் செய்து பார்த்தேன். முழுப் பத்திக்கும் போடும் பத்திப் பாணி தப்பிக்கிறது. எழுத்துப் பாணியைக் கண்ட்ரோல்+எம் உதிர்த்துவிடுகிறது. என் "தமிழ்", "மலையாளம்" இரண்டும் போய்விட்டன. முழுப் பத்தியும் ஒரே மொழி என்றால் பத்திப் பாணியாகவே வைப்பது பாதுகாப்பு. ஒரே வரிக்குள் இரண்டு மொழி கலந்தால்தான் எழுத்துப் பாணி. காலையில் படித்துவிட்டு யாராவது நம்பியிருந்தால் மன்னிக்கவும்.

18 ஆகஸ்ட்

பாப்பா பற்றி ஒருவர் விசாரித்திருந்தார், எங்கே கற்றாள் என்று. பள்ளிக்கூடத்தில்தான். கேரளத்தில் அரசுப் பள்ளிகளில் கட்டற்ற மென்பொருள்தான் சொல்லிக் கொடுக்கிறார்கள். 2001இல் தொடங்கிய ஐடி@ஸ்கூல் திட்டம் 2017இல் கைட் என்ற நிறுவனமானது. உபுண்டு என்ற இயங்குதளத்தை அடியாக வைத்துக் கைட் குனு/லினக்ஸ் என்று தனியாகவே தருகிறார்கள். சித்தூர் தாலுகாவில் தமிழ் மீடியம் பள்ளிகளும் உண்டு, பாப்பா அப்படி ஒன்றில் படித்தவள். லிப்ரே ஆபீஸ், படம் திருத்தும் கிம்ப், வரையும் இன்க்ஸ்கேப் எல்லாம் அவளுக்குப் பள்ளியிலேயே அறிமுகம். பொள்ளாச்சியிலிருந்தோ கோயம்புத்தூரிலிருந்தோ வேலைக்கு வருகிறவர்களுக்குக் கோரலும் போட்டோஷாப்பும்தான் கை. ஒரே கடை, எல்லையின் இரண்டு பக்கத்து விரல்கள்.

இந்த இரண்டு விரல்களும் எங்கே இடிக்கின்றன என்று பாருங்கள். எஃப்8 கோரலிலும் இன்க்ஸ்கேப்பிலும் எழுத்துக் கருவி. அது நல்லவேளை. ஆனால் எஃப்6 கோரலில் செவ்வகம், இன்க்ஸ்கேப்பில் பென்சில். எஃப்4 கோரலில் எல்லாப் பொருளும் திரையில் தெரியும்படி ஜூம், இன்க்ஸ்கேப்பில் செவ்வகம். கோரல்காரர் இன்க்ஸ்கேப்பில் உட்கார்ந்து முழுப் படத்தையும் பார்க்க எஃப்4 அடித்துவிட்டு மௌஸை இழுத்தால் அழைப்பிதழ் நடுவே ஒரு கட்டம் முளைக்கும்.

இதற்கு இன்க்ஸ்கேப்பே வழி வைத்திருக்கிறது. எடிட், ப்ரெஃபரன்சஸ், இன்டர்ஃபேஸ், கீபோர்டு. மேலே ஒரு பட்டியலில் கோரல்ட்ரா, இல்லஸ்ட்ரேட்டர் என்று முழு விசைத் தொகுப்புகளே தயாராக இருக்கின்றன. பக்கம் வடிவமைக்கும் இன்டிசைனிலும் பேஜ்மேக்கர் 7.0, குவார்க் எக்ஸ்பிரஸ் 4.0 ஆகிய வேறு நிரல்களின் விசைத் தொகுப்புகளை அதைச் செய்தவர்களே வைத்தார்கள். கிம்ப் 2.10உடன் போட்டோஷாப் விசைகளுக்கான ஃபைல் ஒன்று வந்தது. பொள்ளாச்சித் தம்பி கவனிக்க வேண்டிய இடம் இது. வந்தபடியே கற்றுக்கொள்வதுதான் சரி என்றால், செய்து விற்கிறவர்களே ஏன் இன்னொருவனின் விசைகளைத் தங்கள் பெட்டிக்குள் வைத்துக் கொடுக்கிறார்கள்? கை ஊர் மாறி வரும் என்று அவர்களுக்குத் தெரியும்.

கட், காப்பி, பேஸ்ட் விசைகளுக்கும் ஒரு கதை இருக்கிறது. இசட், எக்ஸ், சி, வி நாலும் கீழ் வரிசையில் அடுத்தடுத்து இருப்பதால் அந்த இடம் கொடுத்தது ஆப்பிளின் லிசா கணினியில், 1983இல், லாரி டெஸ்லர் வேலை. 1987இல் ஐ.பி.எம் வேறு வழக்கம் கொண்டுவந்தது: வெட்ட ஷிஃப்ட்+டெலீட், படியெடுக்கக் கண்ட்ரோல்+இன்சர்ட், ஒட்ட ஷிஃப்ட்+இன்சர்ட். இன்றும் இரண்டு வழக்கமும் வேர்டிலும் ரைட்டரிலும் வேலை செய்கின்றன. எங்கள் அண்ணன் ஷிஃப்ட்+இன்சர்ட்காரர். யாரும் அவரை மாற்றச் சொன்னதில்லை.

21 ஆகஸ்ட்

பொள்ளாச்சித் தம்பி நேராகவே போன் செய்தார். "அண்ணா, மாத்தினதால நஷ்டமே வந்ததில்லையா?" என்றார். வந்திருக்கிறது. அதைச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை.

கிம்ப்பில் 2012இல் வந்த 2.8இலிருந்து கண்ட்ரோல்+எஸ் அதன் சொந்த எக்ஸ்சிஎஃப் ஃபைலாக மட்டுமே சேமிக்கும். ஜேபெக் வேண்டுமென்றால் எக்ஸ்போர்ட் செய்ய வேண்டும். எனக்கு அது பெரிய எரிச்சல். கண்ட்ரோல்+எஸ்ஸை எடுத்து ஓவர்ரைட் கட்டளைக்குக் கொடுத்தேன். பழைய ஜேபெக் மேலேயே எழுதிவிடும், ஒரே அடி. மூன்று மாதம் சந்தோஷமாக ஓடியது. பிறகு ஒரு பெரியவரின் கண்ணீர் அஞ்சலிப் படம். மங்கிய பழைய போட்டோ, கீறல் எடுத்து, முகத்துக்கு வெளிச்சம் தந்து, லேயர் லேயராக, அதாவது ஒன்றன்மேல் ஒன்றாகத் தனித்தனி அடுக்கில், மாலை வரை உட்கார்ந்தேன். இடையிடையே கண்ட்ரோல்+எஸ். கடைசியில் கிம்ப்பை மூடும்போது "சேமிக்கவில்லை" என்று கேட்டது. இத்தனை தடவை சேமித்தேனே என்று டிஸ்கார்டு கொடுத்தேன். லேயர் எல்லாம் போய் ஒட்டிப்போன ஜேபெக் மட்டும் மிச்சம். அதுவும் அசல் போட்டோவின் மேலேயே. மறுநாள் மகன் வந்து, "அப்பா நெத்தியில விபூதி இன்னும் கொஞ்சம் தெரியணும்" என்றார். என்னிடம் திரும்பிப் போக ஒன்றும் இல்லை.

கண்ட்ரோல்+எஸ்ஸை அன்றே பழையபடி வைத்துவிட்டேன். அந்த ஏற்பாடு லேயரைக் காப்பாற்றத்தான் இருந்தது. எரிச்சலில் அதைப் பார்க்கவில்லை. தம்பி சொன்னதில் இந்தப் பங்கு உண்மை: ஒரு விசை ஏன் அங்கே இருக்கிறது என்று தெரியாமல் அதைத் தொடக் கூடாது.

22 ஆகஸ்ட்

இதற்கு நேர் எதிராக, மாற்றியதில் துளியும் வருத்தம் இல்லாத ஒன்று. வாட்ஸ்அப்பில் வரும் வாசகத்தை ஒட்டும்போது வடிவம் இல்லாமல் வெறும் எழுத்தாக ஒட்ட ரைட்டரில் கண்ட்ரோல்+ஆல்ட்+ஷிஃப்ட்+வி. நாலு விசை, இரண்டு கை. அதைக் கண்ட்ரோல்+ஷிஃப்ட்+விக்குக் கொண்டுவந்தேன். க்ரோமில் ஏற்கனவே அதுதான், வேர்டிலும் 2023இல் அதுவே வந்துவிட்டது. இப்போது எங்கே உட்கார்ந்தாலும் ஒரே விசை. வேறு கடைக்குப் போனால் கை ஓடாது என்ற பயம் இதில் இல்லவே இல்லை, இன்னும் சுலபமாக ஓடும்.

24 ஆகஸ்ட், ஞாயிறு

மெனு பற்றி. விசையில் நான் தாராளம், மெனுவில் கஞ்சன்.

மெனுவில் இருப்பதை இடம் மாற்றவோ ஒளிக்கவோ கூடாது என்பது என் உறுதியான எண்ணம். ஆபீஸ் 2000இல் அதிகம் பயன்படுத்தாத கட்டளைகளை மெனு தானாகவே மறைத்துக்கொள்ளும், அடியில் இரட்டை அம்பை அழுத்தினால்தான் விரியும். அந்தக் காலத்தில் கற்றவர்களைக் கேட்டுப் பாருங்கள், நேற்று இருந்தது இன்று காணோம் என்று திண்டாடியதைச் சொல்வார்கள். கண் பெயரைப் படித்துத் தேடுவதில்லை. மேலிருந்து மூன்றாவது, கோட்டுக்குக் கீழே, என்று இடத்தை வைத்துத் தேடுகிறது. போட்டோஷாப்பில் எடிட், மெனுஸ் போய்க் கட்டளைகளை ஒளிக்கலாம், நிறம் கொடுக்கலாம். நிறம் நல்லது. தினமும் வேண்டியதற்குப் பச்சை கொடுத்தால் கண் நேராக அங்கே போகிறது, மற்றவை அதனதன் இடத்தில் இருக்கின்றன. ஒளிப்பது, புதிதாகக் கற்க வருகிற பிள்ளைக்குச் செய்யும் அநியாயம்.

ஆனால் புது மெனு சேர்ப்பதில் தவறே இல்லை. ரைட்டரில் கஸ்டமைஸ், மெனுஸ் தாவல், அதில் புது மெனு. எங்கள் கடையில் ஹெல்ப்புக்குப் பக்கத்தில் "கல்யாணம்" என்று ஒரு மெனு இருக்கிறது. உள்ளே பக்க அளவு, பத்தி, எழுத்து, படம் செருகல், பிடிஎஃப் ஏற்றுமதி, அவ்வளவுதான். பெயர்களும் தமிழில்தான் வைத்தேன். பழைய மெனு ஒன்றும் நகரவில்லை. சேமிக்கும் இடத்தை ரைட்டர் என்று வைக்காமல் அந்த ஃபைலின் பெயரைத் தேர்ந்தால் மெனு அந்த ஃபைலோடேயே போகும், வேறு மெஷினில் திறந்தாலும் இருக்கும்.

மெனுவைப் பார்த்துவிட்டு ஒரு மலையாளப் பெரியவர், "சேட்டா, இதுல அமுக்கினா பொண்ணு கிடைக்குமா? என் பையனுக்கு முப்பத்தி நாலு ஆச்சு" என்றார். கடையே சிரித்தது.

25 ஆகஸ்ட்

மாற்றிய விசைகளை எப்படி ஞாபகம் வைத்துக்கொள்வது என்று கேள்வி. பாப்பா ஸ்டிக்கர் பொட்டு ஒட்டியிருக்கிறாள். 8இல் சிவப்பு, 9இல் பச்சை. மூன்று மாதமாக உதிரவில்லை. கோரலில் ஷார்ட்கட் பக்கத்தில் வியூ ஆல் அழுத்தினால் முழுப் பட்டியலும் வரும், அச்சடித்துச் சுவரில் ஒட்டலாம். இன்டிசைனில் ஷோ செட்.

31 ஆகஸ்ட், ஞாயிறு

காப்பி எடுத்து வைப்பது பற்றி இத்தனை நாள் எழுதாதது என் தவறு.

போன வருடம் என் மெஷின் அடிக்கடி நின்றுபோய், சர்வீஸ்காரர் ஒருவர் ஃபார்மேட் போட்டார். என் ஃபைல்கள் அனைத்தும் ஹார்டுடிஸ்க்கின் வேறு பகுதியில் பத்திரம். விசைகள், மெனு, தானியங்கு வாசகங்கள் எல்லாம் போயின. அவை ஃபைலில் இருப்பதில்லை, பயனர் ஃபோல்டரில் இருக்கின்றன.

கீபோர்டு தாவலில் சேவ் பொத்தான் இருக்கிறது, விசைகளைத் தனி ஃபைலாகத் தரும். மெனுவுக்கு அப்படிப் பொத்தான் இல்லை. ஆகவே ஃபோல்டரையே எடுங்கள். விண்டோஸ் விசை+ஆர் அழுத்தி, பர்சன்ட் குறிகளுக்கு நடுவே ஆப்டேட்டா என்று ஆங்கிலத்தில் அடித்தால் ஒளிந்திருக்கும் ரோமிங் ஃபோல்டர் திறக்கும். அதில் லிப்ரேஆபீஸ், அதற்குள் 4, அதற்குள் யூசர். பதிப்பு 25.8 ஆனாலும் ஃபோல்டர் பெயர் 4தான், குழம்ப வேண்டாம். லிப்ரே ஆபீஸை மூடிவிட்டு அந்த யூசர் ஃபோல்டரை பென்டிரைவுக்கு எடுத்தால் போதும். வேர்டில் விசைகள் நார்மல்.டாட்எம் என்ற டெம்ப்ளேட்டில் இருக்கும். அதுவும் ரோமிங்கில், மைக்ரோசாஃப்ட், டெம்ப்ளேட்ஸ். கிம்ப் 2.10இல் மெனுஆர்சி என்ற ஃபைல், 2025 மார்ச்சில் வந்த 3.0இல் ஷார்ட்கட்ஸ்ஆர்சி.

கோரல்காரர்களுக்கு ஒரு எச்சரிக்கை. கோரல் திறக்கும்போது எஃப்8 பிடித்திருந்தால் பழைய அமைப்புக்குத் திருப்பிவிடட்டுமா என்று கேட்கும். எஃப்8 எழுத்துக் கருவியும் ஆயிற்றே. அவசரத்தில் திறக்கும் முன்பே விரல் அங்கே போகும், கேள்வி வந்ததும் அடுத்த விரல் என்டரைத் தட்டும். எங்கள் கடையில் நடந்தது. விசை, மெனு அமைப்பு அடங்கிய ஒர்க்ஸ்பேஸை எக்ஸ்போர்ட் செய்து வைத்திருந்ததால் பத்து நிமிடத்தில் மீண்டோம்.

7 செப்டம்பர், ஞாயிறு

ஓணம் முடிந்தது. திருவோணத்துக்கு முந்தின மூன்று நாள் கடையில் மூச்சு விட முடியவில்லை. கிளப்புகளின் ஓண நோட்டீஸ் ஒரு பக்கம், ஆவணி முகூர்த்தம் ஒரு பக்கம். பொள்ளாச்சித் தம்பி இரண்டு நாள் கை கொடுக்க வந்தார். அண்ணனுக்குக் காய்ச்சல் என்பதால் மூன்றாவது மெஷினில் அவர்தான்.

கண்ட்ரோல்+ஷிஃப்ட்+வி அவர் கைக்கு உடனே ஒத்துவந்தது. 8, 9 பொட்டுகளை ஒரு மணி நேரத்தில் பிடித்துக்கொண்டார். பிறகு ஒரு வரியின் வடிவத்தை உதிர்க்கக் கண்ட்ரோல்+எம் அடித்தார். பத்திப் பெட்டி திறந்தது. மூடினார். மறுபடி அடித்தார். மறுபடி பெட்டி. என்னைத் திரும்பிப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. 10ஆம் தேதி அவர் கேட்டதே எதிரில் உட்கார்ந்திருந்தது.

மாலை டீ குடிக்கும்போது அவரேதான் யோசனை சொன்னார். "அண்ணா, ஒரு விசைக்கு ரெண்டு பேர் சண்டை போட்டா ரெண்டு பேருக்கும் வேண்டாம். காலியா விட்டுருங்க. அடிச்சா ஒண்ணும் நடக்காது, மெனுவுல போய் எடுத்துக்கட்டும்."

எனக்கு இது தோன்றியதே இல்லை. விசைக்கு வேறு வேலை தரலாம் என்றே நினைத்தேன், வேலையே தராமல் விடலாம் என்று நினைக்கவில்லை. கீபோர்டு தாவலில் அந்த வரியைத் தேர்ந்து டெலீட் கொடுத்தோம். முடிந்தது.

அண்ணனுக்கு என்ன வழி என்று இரவில் யோசித்தேன். விண்டோஸில் அவருக்குத் தனி லாகின் போட்டுவிட்டேன். அமைப்புகள் எல்லாம் பயனர் ஃபோல்டரில்தான் இருப்பதால் அவர் நுழைந்தால் கண்ட்ரோல்+எம் பத்திப் பெட்டி, மற்றவர்கள் நுழைந்தால் வெறுமை. மற்ற இரண்டு மெஷினிலும் வெறுமையாகவே வைத்துவிட்டேன்.

நேற்று அண்ணன் காய்ச்சல் தணிந்து வந்தார். புது லாகினைக் காட்டி, "இது உங்களுக்கு மட்டும்ணா" என்றேன். உட்கார்ந்து ஒரு பழைய பத்திரிகையைத் திறந்து முதலில் கண்ட்ரோல்+எம்தான் அடித்துப் பார்த்தார். பெட்டி திறந்தது. "பாஸ்வேர்டு என்ன போட்டிருக்கே?" என்று கேட்டார்.